ஆன்ட்டி போட்ட கணக்கு

சிங்கப்பூரில் பெரும்பாலான உணவங்காடி நிலையங்களில் ஓர் ‘எக்கானமி ரைஸ்’ கடை உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் சீன வீட்டுச் சமையல் வரிசைகட்டி நிற்கும்: ஆவியில் வெந்த முட்டை, பூண்டு போட்டு வதக்கிய கீரை, சோயாவில் ஊறிய பன்றி இறைச்சி, பொரித்த மீன். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆள்காட்டி விரல் போதும்.

விலைதான் பல கடைகளில் அரசாங்க ரகசியம். கரண்டி பிடித்த ஆன்ட்டி தட்டை அரை நொடி பார்ப்பார். தொகை வந்து விழும். அதே சோறு, அதே மூன்று கறி. நேற்று ஒரு விலை, இன்று ஒரு விலை. மேல்முறையீடு கிடையாது. கீரைக்கு நீட்டிய விரல் பக்கத்து மீன் பக்கம் சாய்ந்துவிட்டால் மாதாந்தர பட்ஜெட்டில் துண்டு விழும்.

2016-இல் இரண்டு அங்காடிக் கடைகளுக்கு மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. சுமார் 2 வெள்ளிக்கு சோயா கோழிச் சோறு விற்ற கடை உலகப் புகழ் பெற்றது. வரிசையும் நீண்டது. 2020-இல் யுனெஸ்கோவும் அங்காடிப் பண்பாட்டை மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் ஆன்ட்டி எதற்கும் அசரவில்லை. விருது கொடுப்பவர்கள் விலையை எழுதி மாட்டச் சொல்லிவிட்டால் என்ன செய்வது?