கிரிவலம் போன வட்டத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: என் லேப்டாப்பில் எழுந்தருளியிருக்கும் ஃபைல் மேனேஜரைப் படைத்துக் காத்துவரும் உயர்திரு மென்பொருள் குழுவினர்.

பொருள்: ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே இருப்பதை அன்றைய தினத்துக்குள் காட்டக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இன்னும் கிடைக்கவில்லை.

பெருமதிப்புக்குரிய ஐயன்மீர்,

வணக்கம். நேற்று ஒரு வங்கியில், கடன் பிரிவு மேனேஜர் எதிரில், கிளையன்டைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தங்கள் தரிசனம் பெறும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. "வில்லங்கச் சான்று இருக்கா சார்?" என்றார் மேனேஜர். "இதோ" என்று ஃபோல்டரைத் திறந்தேன். ஸ்கேனர் வைத்த பெயர்களோடு பிடிஎஃப்கள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரே மாதிரி வெள்ளைத்தாள் ஐகான். நடுவில், காத்திருக்கச் சொல்லிச் சுழலும் தங்கள் திருவட்டம் கிரிவலம் கிளம்பியது.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபோது வட்டம் இந்திர லிங்கத்தைத் தாண்டியிருக்கும். எம லிங்கத்தை நெருங்கும்போது அவர், "நீங்க தேடி வைங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். கிளையன்ட் என் காதருகே வந்து, "பையனை வேணா வரச் சொல்லட்டுமா சார்? அவன் கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரன்" என்றார். இருபது வருடமாக அவருக்கு ரிட்டர்ன் போட்டுத் தருபவன் நான்.

தங்கள் உழைப்பில் குறை காண எனக்கு என்ன தகுதி? ஒரு ஏ4 தாளை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் சுமார் 3.5 கோடி புள்ளிகள். அத்தனையையும் ஒன்று விடாமல் பிரித்தெடுத்து, பிறகு 256 புள்ளி உயரமுள்ள சின்னப் படமாகச் சுருக்கி எனக்குக் காட்டுகிறீர்கள். ஜேபெக் படத்தைப் பிரிக்கும்போதே அகலத்திலும் உயரத்திலும் எட்டில் ஒரு பங்காக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் அப்படிச் செய்தால் கிரிவலத்தில் குறுக்குவழி போனதாகிவிடுமே! பதினாலு கிலோமீட்டரையும் நடந்தால்தானே புண்ணியம்.

லிப்ரெஆபீஸில் சேமித்த ஓடிடி ஃபைல் உண்மையில் ஒரு ஜிப்தான். முதல் பக்கத்தின் சிறு படம் அதற்குள்ளேயே தயாராக இருக்கும். எடுத்துக் காட்டினால் போதும். தாங்களோ அதைத் தீண்டாமல், மொத்த ஆபீஸ் மென்பொருளையும் பின்னணியில் எழுப்பி, எழுத்துருக்களைக் கூட்டி, கடைசிப் பக்கம் வரை அடுக்கிவிட்டு, முதல் பக்கத்தை மட்டும் எனக்குக் காட்டுகிறீர்கள். எனக்கு வேண்டிய ஃபைல் பட்டியலின் அடியில் இருக்கிறதென்று கீழே ஸ்க்ரோல் செய்து நான் காத்திருக்க, தாங்கள் மேலே முதல் வரிசையில், என் கண்ணுக்கே தெரியாத ஃபைல்களுக்குப் பொறுமையாகப் படம் வரைந்துகொண்டிருக்கிறீர்கள்.

இந்த மென்பொருளை எழுதியவர் ஒரு நாளாவது ஸ்கேன் ஃபைல்கள் நிறைந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்ததுண்டா? திரையில் தெரிவதை முதலில் வரை, கண்ணை விட்டுப் போனதை நிறுத்து. இவ்வளவுதானே கேட்கிறோம்? மேக்கில் 2007லேயே ஸ்பேஸ்பாரைத் தட்டினால் ஆவணம் விரிந்தது. லேப்டாப்பில் எட்டு கோர் வாங்கி வைத்திருக்கிறேன், ஒன்று மட்டும் வேலை செய்ய மற்ற ஏழும் சும்மா கிடக்கின்றன. வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

பொறுத்தருள்க. வெயில் அதிகம்.

தங்கள் நினைவாற்றலைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு ஃபைல் கெட்டுப்போயிருந்து முன்தோற்றம் வரவில்லையென்றால், அந்தத் தோல்வியைக் குறித்துவைக்க 'ஃபெயில்' என்றே தனி ஃபோல்டர் வைத்திருக்கிறீர்கள். ஃபைல் மாறாதவரை அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நல்லது. வெற்றி விஷயத்தில்தான் மறதி. வரைந்த படத்தை ஃபைலின் முழு முகவரியை வைத்து எம்டி5 கணக்குப் போட்டு, வரும் எண்ணெழுத்தைப் பெயராக வைத்துச் சேமிக்கிறீர்கள். ஆகவே மேல் ஃபோல்டரின் பெயரில் ஒரே ஒரு புள்ளியை நான் மாற்றினாலும் உள்ளே உள்ள அத்தனை ஃபைலும் தங்களுக்கு அந்நியமாகிவிடும். ஈசான்ய லிங்கம் வரை வந்த வட்டம் மறுபடியும் இந்திர லிங்கத்திலிருந்து நடக்கத் தொடங்கும். பழைய படங்கள் யாருக்கும் பயனின்றி டிஸ்கில் கிடக்கும்.

முன்தோற்றத்தை நம்பிப் பயனில்லை என்று தெரிந்ததால், நேற்றிரவு உட்கார்ந்து 'வில்லங்கம்', 'தாய்ப்பத்திரம்', 'பட்டா' என்று ஒவ்வொரு ஃபைலாகக் கையாலேயே பெயர் மாற்றினேன். தாங்களும் சளைக்காமல், பெயர் மாறிய ஒவ்வொன்றையும் புது வரவாக ஏற்று, முதலிலிருந்து படம் வரையத் தொடங்கினீர்கள். காலையில் பார்த்தேன். வட்டம் இன்னும் நடையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு ஆடிட்டர் அலுவலகத்து ஊழியன்