மாடித்தோட்டக்காரர்

மாடித்தோட்டக்காரர் பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர். ஊரில் இவருக்கு இரண்டு ஏக்கர் கொல்லை குத்தகையில் கிடக்கும். அதை எட்டிப் பார்க்காதவர், விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ 400 சதுர அடி மொட்டைமாடியில் மும்முரமாக விவசாயம் செய்வார்.

இவருக்கு விளைச்சலைவிட வகைதான் முக்கியம். அறுபது பைகளில் நாற்பது வகை இருக்கும். ஆனால் குழம்புக்கு நாலு கத்தரிக்காய் ஒரே நாளில் கிடைக்காது. வெண்டை இன்று ஒன்று, நாளை மறுநாள் ஒன்று. வீட்டம்மாள் அவற்றைப் பிரிட்ஜில் சேர்த்துவைத்து வெள்ளிக்கிழமை பொரியல் செய்கிறார். வெண்டையே ஆறு செடி வைக்கலாமே என்றால், மீதி ஐந்து பைகளில் வேறு என்னென்ன வைக்கலாம் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்.

திண்டிவனத்துக்காரருக்குக் கூடுதல் பொறுப்பு ஒன்று உண்டு. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட மல்லாட்டை (நிலக்கடலை) ரகங்கள் ஊர்ப்பெயரின் சுருக்கமான டிஎம்வி என்றே அழைக்கப்படுகின்றன. ஆகவே பழைய பெயின்ட் வாளியில் டிஎம்வி 7 போடாவிட்டால் ஊருக்குத் துரோகம். பூத்தபின் விழுது இறங்க மண் பொலபொலவென்று இருக்க வேண்டும், ஜிப்சமும் வேண்டும். இரண்டையும் தவறாமல் செய்வார். நூறு நாள் பொறுப்பதுதான் முடியாது. காய் முற்றிவிட்டதா என்று வாரம் ஒரு செடியாகப் பிடுங்கிப் பார்த்து, அறுவடை நாளில் வெறும் வாளியை அறுவடை செய்வார்.

இடத்தைக் கையாளும் விதத்தில் மட்டும் இவரைக் குறைசொல்ல முடியாது. வெறும் மண் நனைந்தால் தளத்துக்குப் பாரம். அதனால் செம்மண், மக்கிய தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் கலந்துதான் பையை நிரப்புவார். எலுமிச்சைத் தொட்டி போன்ற கனமானவை, கீழே பீம் ஓடும் சுவரோரம் நிற்கும். நடுவில் கீரை. துணிக்கொடியையே பந்தலாக்கிப் பீர்க்கும் பாகலும் ஏற்றி, அந்த நிழலில் புதினா, வெற்றிலை, கற்பூரவல்லி வைப்பார். துணிகள் எங்கே காய்கின்றன என்பது வீட்டாரின் பிரச்சினை. வடாம் தண்ணீர்த் தொட்டி மூடியின் மேல் காய்கிறது.

பாகல் விடியலில் பூக்கும். பீர்க்கு சாயங்காலம் மலரும். மாடிக்கு வண்டு வருவது நிச்சயமில்லை என்பதால் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தானே தடவுவார். கல்யாண வரவேற்புகளுக்கு இந்தக் குடும்பம் எப்போதும் பந்தியின் கடைசியில் வந்து சேர்வதற்குக் காரணம் பீர்க்குதான்.

மழைக்காலத்தில் கவலை இடம் மாறும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. பையின் அடியில் துளை எதற்கு என்பதும், மாடியின் வடிகால் குழாயை வெற்றிலைச் சருகு அடைத்தால் என்ன ஆகும் என்பதும் அன்று பலருக்கு விளங்கின.

இவர் வீட்டுக்கு வருகிறவர் எவரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. முறுக்கு, காப்பிக்குப் பின் ஈரத்துணியில் சுற்றிய ஒரு பிரண்டைத் துண்டு வரும். வேண்டாம் என்பவருக்கு இரண்டு.