அடுப்படியில் யார் வேகுவது?

கேள்வி: தீபாவளிப் பலகாரம் கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கிறதே, வீட்டில் அடுப்படியில் கிடந்து வேகத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் ஒருவரே வேக வேண்டுமென்றால் வேண்டவே வேண்டாம், கடையிலேயே வாங்குங்கள். வீடே கூடினால் கதை வேறு. முறுக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்தரைத்த உளுந்து மாவு, கொஞ்சம் வெண்ணெய், எள், உப்பு. பிசைவது கணவர், பிழிவது பிள்ளைகள், எண்ணெய்ச் சட்டி மட்டும் பெரியவர்கள் பொறுப்பு. கடை முறுக்கு எல்லாம் ஒரே அச்சு. வீட்டு முறுக்கிலோ, சின்னவன் பிழிந்தது எது என்று தட்டைப் பார்த்ததுமே தெரியும். தாத்தா முதலில் எடுப்பதும் அதைத்தான்!

அதிரசத்துக்கு அவசரம் ஆகாது. ஈர அரிசி மாவை வெல்லப்பாகில் கிளறி, ஓரிரு நாளாவது ஊறவிட வேண்டும். பாகு பதம் தப்பினால் எண்ணெயில் பிரிந்து மானத்தை வாங்கிவிடும்.

தீபாவளிப் பரிசுக்கும் வீட்டுப் பலகாரமே போதும். பக்கத்து வீட்டுக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுத்துப் பாருங்கள், டப்பா வெறுமனே திரும்பாது.

எதைக் கடையில் வாங்கினாலும் லேகியத்தை மட்டும் வீட்டில் கிளறுங்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய். மற்றப் பலகாரமெல்லாம் உள்ளே போனபிறகு அதற்குத்தான் வேலை அதிகம்.