ராஜினாமாக் கடிதம்: வையம்பட்டி மரபில் ஒரு நடைமுறை ஆய்வு

ஆய்வுக்களம் வையம்பட்டிக் கடைவீதியில் ஒரு டீக்கடை. ஆய்வுப்பொருள் கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். விடுநர், பெறுநர் எல்லாம் முறைப்படி இருந்தன. 'சொந்தக் காரணங்களுக்காகப் பொருளாளர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே, திருவிழா நோட்டீஸில் தம் பெயர் துணைச் செயலாளருக்கும் கீழே அச்சானது பற்றிப் பதினொரு வரி. விழாக் குழுச் செயலாளர் என்ற பாவத்துக்கு அதைக் கைநீட்டி வாங்கியவன் நான்.

இப்படி ஒரு கடிதம் வந்தால் என்ன செய்வது என்பதில் அறிஞர்கள் ஒருமித்துப் பேசவில்லை. அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி ராபர்ட் 1876இல் கூட்ட நடைமுறைக்கு ஒரு நூல் போட்டார். அவர் வழி வந்தோருக்கு ராஜினாமா என்பது கடமையிலிருந்து விடுவிக்கக் கோரும் மனு. சபை சம்மதிக்க வேண்டும். நம் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 168ஆம் பிரிவு இதற்கு நேர் எதிர். இயக்குநரின் கடிதம் கம்பெனிக்குக் கிடைத்த நாள், அவரே குறித்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அன்றோடு அவர் போய்விட்டார். யார் சம்மதமும் வேண்டாம். மக்களவை எம்.பி.க்களுக்கோ 1974இல் வந்த 33ஆவது அரசியல் சட்டத் திருத்தம்: மனமுவந்து எழுதியதுதானா என்று பார்த்துத்தான் சபாநாயகர் ஏற்க வேண்டும்.

எல்லாவற்றிலும் ருசியானது மக்களவையின் 240ஆம் விதி. விலகுகிறவர் காரணம் எழுதியிருந்தால், சபாநாயகர் நினைத்தால் அதை நீக்கிவிடலாம். நீக்கியதை அவையில் வாசிக்கவும் கூடாது. என் கையிலிருந்த தாளில் இந்த விதியைப் போட்டுப் பார்த்தேன். பதினொரு வரியும் போய் ஒரு வரி மிஞ்சியது. அந்த ஒரு வரிதான் பொய்.

கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கலாமா? அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி சதீஷ் சந்திரா 1977 மே 7ஆம் தேதி, ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாகக் குடியரசுத் தலைவருக்கு எழுதினார். ஜூலை 15ஆம் தேதி வேண்டாம் என்றார். அப்படித் திரும்ப வாங்கியது செல்லும் என்று 1978இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனம் மாறப் பத்து வாரம் பிடித்திருக்கிறது. எங்கள் ஊரில் இரண்டு டீ போதும்.

"மாமா, இத மினிட்ஸ்ல ஏத்திரவா?"

"ஏத்துறதுன்னா ஏத்து. யாரு வேணாம்னா?" என்றார் பொருளாளர். தாளின் ஓரத்தில் அவர் கட்டைவிரல் அழுந்தியே இருந்தது. உண்டியல் பெட்டிச் சாவியும் அரைஞாண் கயிற்றை விட்டு இறங்கவில்லை. ராபர்ட் முதல் உச்ச நீதிமன்றம் வரை எவரும் சாவியைப் பற்றி ஒரு சொல் சொன்னதாகத் தெரியவில்லை. இது பெரிய குறை.

ஞாயிறன்று குழு கூடியது. கடிதம் பொருள் நிரலில் இல்லை, மினிட்ஸிலும் இல்லை. நோட்டீஸை மணப்பாறையில் மறுபடி அச்சடிப்பது என்று மட்டும் தீர்மானம். முன்மொழிந்தவர் துணைச் செயலாளர். அச்சுக்கூலிக்கான வவுச்சரில் பொருளாளர் கையெழுத்துப் போட்டு, பெட்டியைத் திறந்து பணத்தை எண்ணிக் கொடுத்தார்.