கேட்டுல கேளுங்க, சொல்வாங்க

ஸ்ரீபெரும்புதூர் – ஓரகடம் வட்டாரத்தில் ஏதாவதொரு உதிரிபாக கம்பெனிக்குப் போனால், ரிசப்ஷனில் பிள்ளையார் படத்துக்கும் ஐ.எஸ்.ஓ. சான்றிதழுக்கும் நடுவே கண்ணாடிச் சட்டத்தில் ஒரு வாசகம் தொங்கும். ‘வாடிக்கையாளர் எதிர்பார்ப்பை விஞ்சும் உலகத்தரத் தீர்வுகளைப் புத்தாக்கத்தின் வழியே வழங்கும் முன்னணி நிறுவனமாகத் திகழ்தல்.’ நிதானமாகப் படித்தாலும் உள்ளே நட்டு செய்கிறார்களா, நூடுல்ஸ் செய்கிறார்களா என்று பிடிபடாது. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியைக் கேட்டால் விஷயம் முடிந்தது. “கார் சீட்டுக்கு அடியில வர்ற பிராக்கெட் சார். டெய்லி லோடு போவுது.”

ஒரே ராத்திரியில் இந்தச் சட்டங்களைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றி மாட்டிவிட்டால் என்ன ஆகும்? அடுத்த ஆடிட் வரை ஒருவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள் என்பது இக்கட்டுரையாளரின் பணிவான கணிப்பு.

தெளிவு வேண்டுமென்றால் ஓரகடம் ஜங்ஷனில் மின்கம்பங்களைப் படிக்க வேண்டும். ‘ஆட்கள் தேவை. ஐ.டி.ஐ., டிப்ளமோ. பஸ், சாப்பாடு, ரூம் இலவசம். உடனே சேரலாம்.’ கீழே போன் நம்பர். யாருக்கு, என்ன கிடைக்கும், எப்போது, யாரைக் கூப்பிடுவது எல்லாம் கால் தாளில் அடங்கிவிட்டது. பசை வாளியோடு வந்து ஒட்டிவிட்டுப் போகிற பையன் எம்.பி.ஏ. படித்திருந்தால், இலவச ரூம் ‘ஒருங்கிணைந்த வாழ்விட அனுபவம்’ ஆகியிருக்கும். ஒருத்தரும் வேலைக்கு வந்திருக்க மாட்டார்கள்.

ஷாப் ஃப்ளோரிலும் இதே கதைதான். ஜப்பானில் டொயோட்டா தொடங்கிவைத்து, இங்கே வெண்டர்கள் வரை வந்து சேர்ந்திருக்கும் கான்பன் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பார்ட் நம்பர், எத்தனை, எங்கிருந்து எங்கே. மேற்கொண்டு பேச்சில்லை. அதில் ஓர் எண் தப்பினால் லைன் நின்றுவிடும். லைன் நின்றால் வெண்டரின் போன் ஓயாது. மாடியில் கான்பரன்ஸ் ரூமில் ‘ஸ்ட்ராடஜி’ ஸ்லைடு குழம்பினால் எதுவும் நிற்பதில்லை. டீ வரும். குழப்பம் கீழே இறங்காமல் மாடியிலேயே குடித்தனம் நடத்துவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

மாடியிலும் சில சமயம் நல்ல புத்தி வருவதுண்டு. ராயல் என்ஃபீல்டின் தாய் நிறுவனமான ஐஷருக்கு 2000-களின் தொடக்கத்தில் 15 தொழில்கள் இருந்தன. டிராக்டர், லாரி, மோட்டார் சைக்கிள் போதாதென்று செருப்பு, ஆயத்த ஆடை வரை வைத்திருந்தார்கள். ஐஷரின் தலைமைக்கு வந்த சித்தார்த்த லால் அவற்றில் 13-ஐக் கைகழுவினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிராக்டரே 2005-ல் சென்னையின் டாஃபேவுக்குப் போய்விட்டது. மிஞ்சியவை லாரியும் புல்லட்டும்தான். அப்போது புல்லட் ஒன்றும் அமோகமாக விற்றுக்கொண்டிருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த முடிவுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்பது புரியும். திருவொற்றியூர் ஆலை போதாமல் 2013-ல் ஓரகடத்தில் புதிய ஆலை வந்தது. 2014-ல் 3 லட்சத்துக்கும் மேல் விற்று, எண்ணிக்கையில் ஹார்லி-டேவிட்சனையே முந்தினார்கள். இப்போது ராயல் என்ஃபீல்டு ஜாக்கெட்டும் பூட்ஸும் விற்கிறது. ஆக, துணியும் செருப்பும் திரும்பி வந்துவிட்டன. ஆனால், பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கின்றன.

தெளிவு இருந்தால் போதுமா என்றால், போதாது. நோக்கியா 1100 என்ற போன் 2003-ல் வந்தது. டார்ச் அடிக்கும், தூசி புகாத கீபேட், கையில் வழுக்காது. கரன்ட் போகிற ஊரில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் பெரிய ஆலையைத் திறந்த அதே நோக்கியா, வரித் தகராறும் மைக்ரோசாஃப்டுக்கு வியாபாரத்தை விற்றதுமாகச் சேர்ந்து, 2014 நவம்பரில் அதை மூடியது. வருமான வரித் துறையிடம் டார்ச் அடித்துப் பயனில்லை.

தெளிவு எங்கே உதவும், எங்கே போதாது என்ற பாடத்தை முழுசாகப் படிக்க விரும்புகிறவர்கள், ஓரகடத்தில் ரெனோ-நிசான் கூட்டு ஆலையின் கதையைப் படிக்கலாம். 2010-ல் திறந்த ஆலையில் முதலில் வந்தது நிசான் மைக்ரா. 2012-ல் அதே மைக்ரா, முகப்பை மாற்றிக்கொண்டு, ரெனோ பல்ஸ் என்று வந்து நின்றது. நிசான் சன்னி, ரெனோ ஸ்காலா ஆனது. சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்த இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒரே ஆலையிலிருந்து கிளம்பி, எதிரெதிர் ஷோரூமில் போய் உட்கார்ந்தன. “இதுக்கும் அதுக்கும் என்னங்க வித்தியாசம்?” என்று கேட்ட வாடிக்கையாளரிடம் சேல்ஸ்மேன் பாவம் என்ன சொல்லியிருப்பார்? “கிரில் வேற சார்.” பல்ஸும் ஸ்காலாவும் சில ஆண்டுகளில் சந்தையிலிருந்து காணாமல் போயின.

அதே 2012-ல் அதே ஆலை டஸ்டரையும் அனுப்பியது. 7 லட்ச ரூபாய் சொச்சத்தில் தொடங்கும் விலை. உயரமான வண்டி, பள்ளத்தில் இறங்கி ஏறும். நம் சாலைகளைப் பார்த்தவருக்கு வேறு விளம்பரம் எதற்கு? அது ஓடியது. உடனே அதற்கும் ஒரு நிசான் முகம் ஒட்டி, 2013-ல் டெரானோ என்று பெயர் வைத்து, டஸ்டரைவிட அதிக விலையில் விற்கப் பார்த்தார்கள். டஸ்டரின் பெயர் அதற்கு வாய்க்கவில்லை.

சுவாரசியமான அத்தியாயம் அடுத்ததுதான். 2015-ல் ரெனோ க்விட், 2016-ல் நிசானின் டாட்சன் ரெடி-கோ. ஒரே ஆலை, ஒரே அடித்தளம், ஒரே 800 சி.சி. எஞ்சின். விலை ரெடி-கோவுக்குத்தான் குறைவு. கணக்குப்படி அதுதான் ஜெயித்திருக்க வேண்டும். ஆனால் லட்சக்கணக்கில் விற்றது க்விட். காரணம் கடினமில்லை. சின்ன ஜீப் மாதிரி தோற்றம், உள்ளே டச் ஸ்கிரீன் என்று தெருவில் சொல்லிக்கொள்ள க்விட்காரரிடம் விஷயம் இருந்தது. டாட்சன்காரர் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: “விலை கம்மி.” இதைவிடத் தெளிவாக ஒரு வாக்கியம் அமையாது. ஆனால், கார் வாங்கி வாசலில் நிறுத்தி, தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கையில் காசில்லை என்று ஊருக்கு அறிவிக்க யார் விரும்புவார்கள்? ‘மலிவான கார்’ என்று நானோவுக்குப் பெயர் விழுந்தது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அவர் சொன்ன பிறகும் சிலர் மலிவையே கட்டிக்கொண்டு அழுதார்கள். வியாபாரத்தில் எளிமையாகச் சொல்வது முக்கியம்தான்; ஆனால் அதை வாங்கினவர் பக்கத்து வீட்டில் வாய்நிறையத் திருப்பிச் சொல்ல வேண்டுமே!

டாட்சன் 2022-ல் இந்தியாவில் நின்றது. 2025-ல் ஓரகடம் ஆலையில் நிசானிடமிருந்த 51 சதவீதப் பங்கையும் ரெனோவே வாங்கிக்கொண்டது. நிசான் மேக்னைட்டும் ரெனோ கைகரும் இன்றும் ஒரே அடித்தளத்தில் அங்கேதான் தயாராகின்றன. இந்த முறை கிரில் மட்டுமல்ல, உடம்பும் வேறு.