மெல்லிய ஏடு, தடித்த லேபிள்

கேள்வி: எஃகை விட வலுவானது, செம்பை விட நன்றாக மின்சாரம் கடத்தும் என்று கிராஃபீனைப் புகழ்கிறார்களே, ஏன் இன்னும் கடைக்கு வரவில்லை?
– வாசகர், பெட்டாலிங் ஜெயா

பதில்: வராமல் என்ன? பெயர் எப்போதோ வந்துவிட்டது, சரக்குதான் வழியில் நிற்கிறது! 2004இல் மான்செஸ்டரில் விஞ்ஞானிகள் கைமும் நோவோசெலோவும் கிராஃபைட் மேல் செலோடேப்பை ஒட்டிப் பிய்த்தே ஓர் அணு தடிமனுள்ள ஏட்டைப் பிரித்தெடுத்தார்கள். 2010இல் நோபல். அந்தத் துணுக்கு பரிசுக்குப் போதும், தொழிற்சாலைக்குப் போதாது. அங்கே டன் கணக்கில் வேண்டும், நேற்று தந்த தரமே இன்றும் வேண்டும்.

2018இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 நிறுவனங்களின் ‘கிராஃபீனை’ வாங்கிச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் அசல் 10 விழுக்காடுகூட இல்லை. எதுவும் 50ஐத் தாண்டவில்லை. மீதியில் பெரும்பங்கு நம் பென்சிலில் இருக்கும் கிராஃபைட். பாலில் தண்ணீர் கலப்பவர் இதைக் கேட்டால் வெட்கப்படுவார்.

நம் நாட்டில் 2014இலேயே நானோமலேசியா நிறுவனத்தின் பங்கோடு தேசிய கிராஃபீன் செயல்திட்டம் வந்தது. அதில் எனக்குப் பிடித்தது ரப்பரைச் சேர்த்ததுதான். விண்வெளிக் கனவை விட்டுவிட்டு, கைவசம் உள்ள தொழிலைப் பிடித்தார்கள். ஆனால் இந்த ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளவை. ரப்பரில் சீராகப் பரவாவிட்டால் கட்டி தட்டிவிடும், போட்ட காசு கரிதான்.

பசார் மாலாமில் ‘கிராஃபீன்’ இடுப்புப்பட்டை விற்பவரிடம் ‘எத்தனை அடுக்கு?’ என்று கேட்டுப் பாருங்கள். உடனே பத்து ரிங்கிட் குறைப்பார்.