சரவெடியின் முதலும் சினையும்: ஓர் ஆய்வு

உறுப்புக்கும் முழுமைக்கும் உள்ள உறவை ஆராயும் துறைக்கு, போலந்துக்காரர் லெஸ்னியெவ்ஸ்கி 1927-இல் கிரேக்கச் சொல்லெடுத்துப் பெயர் சூட்டினார். நம் இலக்கணிகள் அதற்கு வெகு முன்பே முதல், சினை என்று பிரித்து, ‘வெற்றிலை நட்டான்’ என்று பள்ளிப் பிள்ளைகளை வதைக்கத் தொடங்கிவிட்டார்கள். இரு தரப்பும் சரவெடியைத் தொடவில்லை.

ஆய்வுக்களம், விருதுநகரில் அத்தை வீட்டுத் திண்ணை. ஆய்வுப்பொருள், சிவகாசி நூறு வாலா ஒன்று. கருவி, கட்டைவிரல் நகம். நடுத்திரியிலிருந்து ஒவ்வொரு வெடியாக உருவி முறத்தில் அடுக்கினேன். 86 தேறியது. கடைக்காரரிடம் முறையிட்டேன். “நூறுங்கிறது பேரு தம்பி, கணக்கு இல்ல” என்றார். எண்ணிக்கை முழுமையின் குணமே தவிர உறுப்புகளின் தொகை அல்ல என்பதை இவ்வளவு சுருக்கமாக எந்தத் தத்துவவாதியும் சொன்னதில்லை.

நூலுக்கு அப்பால் துணி என்று தனிப்பொருள் உண்டு என்பார் நையாயிகர். அச்சு, சக்கரம் எல்லாம் சேர்ந்த கூட்டத்துக்கு இட்ட பெயர்தான் தேர் என்பார் பௌத்தர். பல நூற்றாண்டு இழுத்த இந்த வழக்கு 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. காற்று, ஓசை, குப்பை மூன்றையும் காரணம் காட்டிச் சரவெடியைத் தடை செய்தார்கள்; பசுமைப் பட்டாசு விதிக்குள் வரும் ஒற்றை வெடி தப்பித்தது. தனியாக நின்றால் சாது, கோத்தால் குற்றவாளி. நையாயிகர் கட்சி ஜெயித்தது.

1999-ஆம் ஆண்டின் ஒலி விதி இன்னும் நுட்பமானது. சரத்தில் சேரும் வெடி, தனி வெடிக்கான வரம்பிலிருந்து இறங்கி வர வேண்டும்: 100 சேர்ந்தால் 10 டெசிபல், 1000 சேர்ந்தால் 15. கூட்டுக் குடும்பத்து மருமகளுக்குச் சொல்வது போலத்தான். (என் 86-க்கு எவ்வளவு என்று மடக்கை அட்டவணையைப் பார்த்தேன். 9.7.)

நையாயிகர் கூப்பிடத் தவறிய சாட்சி ஒன்று சிவகாசியில் உண்டு. குழாயில் மருந்து அடைப்பது ஒரு வேலை. வெடிகளைத் திரியோடு சரமாகப் பின்னுவது வேறு வேலை, அதற்குத் தனிக் கூலி. முழுமை வெறும் பெயர் என்றால் அந்தக் கூலி எதற்கு? தடை வந்ததும் வெடி இருந்தது, திரி இருந்தது, பின்னுகிற பெண்களுக்கு வேலைதான் இல்லை.

அன்று திண்ணைக்கு வந்த அத்தையிடம் முறத்தைக் காட்டினேன். ஒரு வெடிகூடக் குறையவில்லை. உருவிய திரியும் பக்கத்திலேயே கிடந்தது.

“இது வெடிடா. சரம் எங்க?” என்றாள்.